205 கிரிவலம் போனால் மோர்டோர்!

கணக்கு ரொம்பச் சுலபம். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கி.மீ. அதை 205 முறை சுற்றி வந்தால் 2,870 கி.மீ. ஆகிறது. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் ஃபிரோடோ என்கிற குட்டை மனிதன் தன் வீட்டு வாசலில் கிளம்பி, மோர்டோர் தேசத்து எரிமலை வரைக்கும் போனானே, அந்தத் தூரமும் ஏறக்குறைய இதேதான்.

மாதம் தவறாமல் பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலம் போகிறவர் ஃபிரோடோவின் தூரத்தைத் தொட எத்தனை காலம் ஆகும்? பதினாறரை வருடம்! இந்த வருடம் எல்.கே.ஜி. சேரும் பிள்ளை, அப்போது காலேஜ் முடிக்கிற வயதில் இருக்கும்.

‘அடேயப்பா’ என்று மலைக்க வேண்டாம். இதையே ஒரே வருடத்தில் முடிக்கவும் வழி இருக்கிறது. அதற்கு அண்ணாமலைக்குப் பக்கத்தில் வீடு இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. மொட்டை மாடி போதும்.

இல்லாத ஊருக்கு நிஜமான கிலோமீட்டர்

‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன், இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். 1954, 1955 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக அந்த நாவல் வெளிவந்தது. மோதிரம், மந்திரவாதி, பேசும் மரம் என்று எல்லாமே கற்பனை. ஆனால், தூரம் மட்டும் கறார். முதலில் மேப் வரைந்துகொண்டு, அதற்குள்தான் கதையைப் பொருத்தினார் டோல்கீன். எந்தத் தேதியில் யார் எங்கே இருந்தார்கள், அன்றைக்கு வானத்தில் நிலா எந்த அளவில் இருந்தது என்பதையெல்லாம்கூடக் கணக்குப் போட்டுச் சரிபார்த்தவர் அவர்.

இத்தனை துல்லியமாக ஒருவர் எழுதி வைத்தால் ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? கேரன் வின் ஃபோன்ஸ்டாட் என்கிற அமெரிக்க வரைபடக் கலைஞர், 1981-ல் அந்தக் கற்பனை உலகத்துக்கு முழு அட்லஸே போட்டுவிட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டு, ஃபிரோடோ போன பாதையை ரசிகர்கள் அளந்தார்கள். மொத்தம் 1,779 மைல். நம் கணக்கில் 2,863 கி.மீ.

இதிலிருந்து பிறந்ததுதான் ‘எயோவின் சேலஞ்ச்’. விதிமுறை ஒரே வரிதான். தினமும் எங்கேயாவது நடங்கள், நடந்த தூரத்தை அந்த மேப்பில் கழித்துக்கொண்டே வாருங்கள். பார்க்கில் நடக்கலாம், பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கலாம், டிரெட்மில்லில்கூட நடக்கலாம். கால் உங்கள் தெருவில் இருக்கும். கணக்கு மட்டும் ஃபிரோடோவின் காட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும்.

எயோவின் யார் தெரியுமா? அதே கதையில் வரும் இளவரசி. ‘பெண் நீ, போருக்கு வேண்டாம், இங்கேயே இருந்து ஜனங்களைப் பார்த்துக்கொள்’ என்று விட்டுவிட்டுப் போகப்பட்டவள். ஆண் வேடம் போட்டுக் குதிரையேறிப் போர்க்களத்துக்கே வந்து நிற்பாள். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் கிளம்புங்கள் என்று சொல்லும் சவாலுக்கு அவள் பெயரை வைத்ததில் ஆச்சர்யம் இல்லை.

அந்தப் பாதையை நாலு கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். ஊரிலிருந்து ரிவென்டெல் 458 மைல். அங்கிருந்து லோத்லோரியன் காடு 462 மைல். அடுத்து ராரோஸ் அருவி 389 மைல். கடைசியாக எரிமலை 470 மைல். நம்ம ஊர் அளவுக்கு மாற்றினால் முறையே 53, 53, 45, 54 கிரிவலம்.

இதில் ஒரு வேடிக்கை. காட்டிலிருந்து அருவி வரைக்கும் ஃபிரோடோவும் கூட்டாளிகளும் படகில்தான் போனார்கள். நடக்கிறவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அந்த 45 சுற்றையும் காலால்தான் கழிக்க வேண்டும். பாதி கிரிவலத்தில் ஆட்டோ பிடித்தால் அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்கள்?

‘இன்னும் எவ்வளவு தூரம்?’

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பத்தாவது நிமிடம் பிள்ளைகள் கேட்கிற கேள்வி இது. தமிழில் இந்தக் கேள்விக்கு வயது அதிகம். சிலப்பதிகாரத்தில் கண்ணகியே கேட்டிருக்கிறாள்.

பூம்புகாரில் இருந்து விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறார்கள் கோவலனும் கண்ணகியும். போக வேண்டிய இடம் மதுரை. அதுவரை அவள் அவ்வளவு தூரம் நடந்து பழக்கமில்லாதவள். ஒரு காதம் போவதற்குள் மூச்சு வாங்குகிறது, பாதம் நோகிறது. மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். கோவலன் சொல்லும் பதிலைக் கவனியுங்கள். ‘முப்பது காதம்’ என்று போட்டு உடைக்கவில்லை. ஆறு ஐந்து காதம் என்கிறான். பெருக்கினால் அதே முப்பதுதான். ஆனால், கேட்கிற காதுக்கு ஆறும் ஐந்தும்தானே விழும்!

முப்பதை ஐந்து ஐந்தாக உடைத்துச் சொன்ன அந்த ஒரு பதிலில், இன்றைய நடைச் சவால்களின் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. 2,863 கி.மீ. என்றால் யாருக்கும் கால் எழாது. ‘இந்த வாரம் அந்த ஆற்றுப் பாலம் வரைக்கும்’ என்றால் எழும். அதற்கு அடுத்த வாரம் இன்னொரு பாலம் வந்துவிடும்.

தூரத்தை உடைப்பது ஒரு பங்கு. கூட வர ஆள் இருப்பது இன்னொரு பங்கு. கண்ணகிக்குக் கவுந்தி அடிகள் கிடைத்தார். ஃபிரோடோவுக்கு சாம் இருந்தான். எரிமலை அடிவாரத்தில் ஃபிரோடோ நடக்க முடியாமல் விழுந்தபோது, முதுகில் தூக்கிச் சுமந்துகொண்டு ஏறியவன் அவன்தான். இரண்டு கதைகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. நெடுந்தூரம் நடப்பவர் தனியாகப் போனால் தாங்காது என்பது மட்டும் இரண்டுக்கும் தெரிந்திருக்கிறது.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. பாண்டிய நாட்டு எல்லைக்குள் வந்த பிறகு, வெயில் கண்ணகியால் தாங்க முடியாதது என்பதால் அவர்கள் இரவில், நிலா வெளிச்சத்தில் நடக்கிறார்கள். பௌர்ணமி இரவில் அண்ணாமலையைச் சுற்றி வருகிற கூட்டத்துக்கு இதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பாதி வழியில் ஓர் ஊர்

கிரிவலப் பாதையில் எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். கிழக்கே இந்திர லிங்கத்தில் ஆரம்பித்தால் அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசான்ய லிங்கம் என்று வரிசையாக வரும். 14 கி.மீ. தூரத்தை எட்டாக உடைத்து வைத்திருக்கிறார்கள் என்றும் இதைப் பார்க்கலாம். ‘இன்னும் நாலு லிங்கம்தான் பாட்டி, வந்துடுச்சு’ என்று பேரன் சொன்னால், பாட்டிக்குக் கோவலன் சொன்ன அதே கணக்குதான்.

வருண லிங்கத்துக்கும் வாயு லிங்கத்துக்கும் நடுவில் வருகிற ஊர், அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலை என்றும் சொல்வார்கள். ஆதி அருணாசலேஸ்வரர் கோயில் இங்கேதான் இருக்கிறது. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இந்த ஊரில்தான் என்பது மரபு. அவருக்கும் இங்கே கோயில் உண்டு.

பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே. இந்த ஊர் மலைக்குப் பின்னால், மேற்குப் பக்கம். அதாவது, ஏறக்குறைய பாதி வழி. முதல் தடவை கிரிவலம் வருகிற பலருக்கு இங்கேதான் பொறுமை சோதிக்கப்படும். ராஜகோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக் கிளம்பியபோது இருந்த உற்சாகம் கரைந்திருக்கும். இடுப்பு பேச ஆரம்பிக்கும். ‘பேசாம திரும்பிடலாமா?’ என்று ஒரு குரல் வரும். ஆனால், திரும்பினாலும் ஏழு கி.மீ., தொடர்ந்தாலும் ஏழு கி.மீ.! பௌர்ணமி இரவில் வண்டிகளுக்குக் கட்டுப்பாடும் இருக்கும். அதனால் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு எழுந்து நடக்கிறார்கள்.

நெடுநாள் சவால்களில் ஆள் குறைவது இந்த நடுப்பகுதியில்தான். ஜனவரி 1 அன்று புது ஷூவோடு கிளம்பியவரை ஜூன் மாதத்தில் தேட வேண்டியிருக்கும். ஆரம்பிக்கும்போது இருக்கும் ஆசை, முடிக்கும்போது தெரியும் எல்லைக்கோடு, இரண்டுமே நடுவில் கிடையாது. கிரிவலத்தில் திரும்பிப் போவதும் அதே தூரம் என்பதால் மலையே நம்மை நடக்க வைத்துவிடுகிறது. வீட்டில் நடக்கிறவருக்கு அந்த மலை இல்லை. எந்த நாளில் நிறுத்தினாலும் சோபா பக்கத்திலேயே இருக்கிறது.

கதை உதவுவது இங்கேதான். ‘இன்றைக்கு 2 கி.மீ.’ என்பது வெறும் எண். ‘இன்றைக்கு நடந்தால் காட்டைத் தாண்டிவிடலாம்’ என்பது ஆசை. அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில் தொடர்கதை படிக்க வாராவாரம் காத்திருந்த பரம்பரை அல்லவா நம்முடையது!

தாழம்பூ சாட்சி சொல்லக் கூடாது

அண்ணாமலைக் கதை எல்லோருக்கும் தெரியும். நெருப்புத் தூணாக நின்ற சிவனின் அடியைத் தேடி வராகமாகப் பூமியைத் தோண்டிக்கொண்டு போனார் திருமால். முடியைத் தேடி அன்னமாகப் பறந்தார் பிரம்மா. திருமால் ‘காணவில்லை’ என்று ஒப்புக்கொண்டார். பிரம்மாவோ வழியில் கீழே விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைச் சாட்சிக்கு அழைத்துக்கொண்டு, ‘முடியைப் பார்த்துவிட்டேன்’ என்று சொல்லி மாட்டிக்கொண்டார்.

நெடுந்தூரப் பயணத்தில் பொய்க் கணக்கு எழுதிய முதல் ஆள் பிரம்மாதான் போலிருக்கிறது. இன்றைக்கு அவருடைய வாரிசுகள் நிறைய. செல்போனைத் தொட்டிலில் போட்டு ஆட்டி ‘ஸ்டெப்ஸ்’ ஏற்றுகிறவர்கள், சோபாவில் சாய்ந்தபடியே கையை மட்டும் வீசி ஸ்மார்ட் வாட்ச்சை ஏமாற்றுகிறவர்கள். ஆபீஸில் நடைப் போட்டி வைத்துப் பரிசு அறிவித்தால் போதும், தாழம்பூக்கள் பூத்துக் குலுங்கும்!

வீட்டில் செய்யும் இந்தச் சவாலில் அம்பயர் கிடையாது. ஃபிரோடோ வந்து எட்டிப் பார்க்கப் போவதில்லை. ஆகவே, நடக்காத நாளில் பூஜ்யம் என்றே எழுதுங்கள். பூஜ்யம் எழுத வெட்கப்பட்டு ஒரு நாள் விட்டுவிட்டால், மறுநாள் நோட்டைத் திறக்கவே தயக்கமாக இருக்கும். மூன்றாவது நாள் நோட்டு எங்கே என்றே தெரியாது. ‘காணவில்லை’ என்று நேராகச் சொன்ன திருமாலுக்குக் கதையில் ஒரு குறையும் வரவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பத்தாயிரம் எங்கிருந்து வந்தது?

‘தினம் பத்தாயிரம் அடி நடந்தாகணும்’ என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் உலவுகிறது. பலரும் இது டாக்டர்கள் கண்டுபிடித்த எண் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் அது. ‘மான்போ-கெய்’. ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று அர்த்தம். முந்தைய வருடம்தான் டோக்கியோவில் ஒலிம்பிக்ஸ் நடந்திருந்தது. உடற்பயிற்சி ஆர்வம் உச்சத்தில் இருந்த நேரத்தில், சொல்வதற்கும் நினைவில் வைப்பதற்கும் சுலபமான எண் ஒட்டிக்கொண்டது.

நிஜமாக எவ்வளவு நடந்தால் பலன்? அமெரிக்காவில் ஹார்வர்டு ஆய்வாளர் ஐ-மின் லீ தலைமையிலான குழு, சராசரி வயது 72 கொண்ட 16,741 பெண்களைப் பின்தொடர்ந்து பார்த்து, 2019-ல் முடிவுகளை வெளியிட்டது. தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட, 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் 41 சதவிகிதம் குறைவாக இருந்தது. அடி கூடக் கூட அது மேலும் குறைந்தது. 7,500 அடிக்கு மேல் பெரிய மாற்றம் இல்லை.

வீட்டிலுள்ள பாட்டிகளுக்கு இது நல்ல சேதி. பத்தாயிரம் முடியவில்லையே என்று பாதியில் விட வேண்டிய அவசியம் இல்லை. இப்போது நடப்பதைவிடக் கூடுதலாக ஒன்றரை கி.மீ. நடந்தாலே அது சுமார் 2,000 அடி.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிறைமாத கர்ப்பிணி நடப்பது போல் கிரிவலம் போக வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். ரமண மகரிஷியும் 1926 வரை அன்பர்களோடு மலையைச் சுற்றி வந்தவர். அந்த நடையில் அவசரம் கிடையாது. ஆனால், இதயத்துக்காக நடக்கிறவருக்கு டாக்டர்கள் சொல்வது கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிடமாவது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மனசுக்கு நடக்கும் நாளில் மெதுவாகவும், உடம்புக்கு நடக்கும் நாளில் வேகமாகவும் போங்கள். எரிமலைக் கணக்கில் இரண்டும் ஒரே கிலோமீட்டர்தான்.

பாதம் பத்திரம்

கிரிவலம் வெறுங்காலோடு போவது வழக்கம். பழக்கமுள்ள பாதங்களுக்குப் பிரச்னை இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது அப்படி இல்லை. சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால், பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோகும். தார் ரோட்டின் சூடு தெரியாது. சின்னக் கல் குத்தியது தெரியாது. கொப்புளம் உடைந்தது தெரியாது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து, சாக்ஸில் ஈரத்தைப் பார்த்துத்தான் தெரியும். ஆறாத புண்ணாக மாறி, விரலை எடுக்கும் நிலைவரை போகிற ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

‘செருப்பு போட்டா சாமி கோவிச்சுக்கும்’ என்று அம்மா சொல்வார். ‘கால் போனா அடுத்த கிரிவலம் எப்படிம்மா போவே?’ என்று மகள் கேட்கலாம். கொஞ்சம் கடுமையான கேள்விதான். ஆனால், அந்த வீட்டில் அதை யாராவது கேட்டாக வேண்டும். பாதத்தில் மதமதப்பு, எரிச்சல் இருப்பவர்கள் முதலில் டாக்டரிடம் பாதத்தைக் காட்டுங்கள். அவர் சரி என்று சொன்னால், விரல்களை அழுத்தாத ஷூ, காட்டன் சாக்ஸ். நடந்து முடித்ததும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். பேரப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லலாம்.

இன்னொன்று. இதுவரை தெருமுனைக்கு மேல் நடக்காதவர், ஒரே நாளில் 14 கி.மீ. கிளம்ப வேண்டாம். அது சுமார் 20,000 அடி. மெதுவாக நடப்பவருக்கு நாலைந்து மணி நேரம் ஆகும். இரண்டு மாதம் வீட்டுப் பக்கத்தில் நடந்து பழகிவிட்டு அண்ணாமலைக்கு டிக்கெட் போடுங்கள். நெஞ்சு வலி, மூட்டு வலி உள்ளவர்களும் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது.

நாலு பேர், ஒரே வருடம்

இப்போது முதலில் சொன்ன கணக்குக்கு வருவோம். தனி ஆளாகப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மட்டும் நடந்தால் பதினாறரை வருடம். ஒரே வருடத்தில் முடிப்பது எப்படி?

வீட்டில் நாலு பேர். ஆளுக்குத் தினம் 2 கி.மீ. மொத்தம் 8 கி.மீ. ஆகிறது. 365 நாளில் 2,920 கி.மீ.! எரிமலையைத் தொட்டுவிட்டு ஒரு வாரம் மீதியும் இருக்கும்.

ஆளுக்கு 2 கி.மீ. என்பது அரை மணி நேரத்துக்குள் முடிகிற நடை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு பஸ் ஸ்டாப் வரை போய்வருவதிலேயே பாதி வந்துவிடலாம். ரயிலில் ஆபீஸ் போகும் அப்பா, வீட்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறாமல் இருந்தால் போதும். தாத்தா காலையில் பால் வாங்கப் போகும் சாக்கில் ஒரு சுற்று. அம்மாவுக்குத்தான் கஷ்டம். காலை ஆறு மணியும் அவருக்கு அடுப்படியில், மாலை ஆறு மணியும் அடுப்படியில். ‘நாள் பூரா வீட்டுக்குள்ள நடந்துட்டுதானே இருக்கேன்’ என்பார். அது உண்மைதான். அந்த அடிகளையும் கணக்கில் சேர்க்கலாம். ஆனால், வாசலைத் தாண்டி, கையில் பையோ வேலையோ இல்லாமல் அரை மணி நேரம் அவர் நடப்பதற்கு, மற்ற மூவரில் யாராவது ஒருவர் அந்த அரை மணி நேரம் அடுப்படியில் நிற்க வேண்டும். எயோவின் பெயரில் ஒரு சவாலை எடுத்துக்கொண்டு வீட்டு எயோவினைச் சமையல்கட்டிலேயே விட்டுவிட்டுப் போனால் எப்படி?

முடியாத நாள்களும் வரும். காய்ச்சல், பரீட்சை, ஐப்பசி மழை. பயப்பட வேண்டாம். ஃபிரோடோ செப்டம்பர் 23-ல் கிளம்பி மார்ச் 25-ல் எரிமலையை அடைந்தான். ஆறு மாதம். அதில் ரிவென்டெல்லில் இரண்டு மாதம், லோத்லோரியனில் ஒரு மாதம் ஓய்வு. பாதிக் காலம் அவன் நடக்கவே இல்லை! ஒரு வாரம் விட்டுப்போனால், ‘ரிவென்டெல்லில் தங்கியிருக்கிறோம்’ என்று எழுதிவிட்டு மறுபடி கிளம்பலாம்.

நம்ம ஊர்ப் பாதைகள்

மோர்டோரெல்லாம் வாயில் நுழையவில்லை என்கிறவர்களுக்கு நம் பக்கத்திலேயே பாதைகள் இருக்கின்றன.

கண்ணகி பாதை: பூம்புகாரில் இருந்து காவிரிக் கரையோடு திருவரங்கம், உறையூர் வந்து, கொடும்பாளூர் தாண்டி மதுரை. இன்றைய சாலைக் கணக்கில் ஏறக்குறைய 300 கி.மீ. நாலு பேர் குடும்பத்துக்கு 38 நாள். கிரிவலமாக நடந்தால் 22 பௌர்ணமி. பிள்ளைகளுக்கு சிலப்பதிகாரத்தைச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

ராஜாஜி பாதை: 1930 ஏப்ரல் 13-ம் தேதி, ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் உப்பு எடுக்கத் திருச்சியிலிருந்து நடக்க ஆரம்பித்தார்கள். தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக ஏப்ரல் 28-ம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். சுமார் 240 கி.மீ. சித்திரை வெயிலில் நடந்த தூரம் அது. பதினேழு கிரிவலம்.

வந்தியத்தேவன் பாதை: கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்கும் அந்தப் பயணம் மனப்பாடம். அவன் குதிரையில் போனான். நீங்கள் நடந்து தஞ்சாவூரைப் பிடியுங்கள். பழையாறை, கோடிக்கரை என்று ஊர்களை நீங்களே வரிசைப்படுத்தி, மேப்பில் தூரம் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். இலங்கைக்குக் கடல் தாண்டும் இடத்தில் என்ன செய்வது என்பதை வீட்டில் ஓட்டெடுப்பு நடத்தி முடிவு செய்யுங்கள்.

இதற்குத் தனி ஆப், மெடல், காசு எதுவும் தேவையில்லை. சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் போதும். இரவு தேதி கிழிக்கும் முன், அன்றைக்கு வீட்டில் எல்லோரும் நடந்த கி.மீ. எவ்வளவு என்று கேட்டு, கூட்டி, அந்தத் தாளின் ஓரத்தில் எழுதுங்கள். கிழித்த தாள்களை ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். மாதம் முடிந்ததும் கடைக்குட்டியைக் கூட்டல் போடச் சொல்லுங்கள். எங்கே வந்திருக்கிறோம் என்று மேப்பில் ஒரு புள்ளி வைக்கும் உரிமையும் அந்தக் கடைக்குட்டிக்கே.

நாளை காலைத் தாளில் 8 என்று வராவிட்டால் பரவாயில்லை. தாத்தாவின் பால் நடை மட்டும் இருந்தால், அதை மட்டும் எழுதுங்கள்.